பிள்ளையை யார் பார்ப்பது?

"பிள்ளையை யார் பார்ப்பது?" என்று எங்கள் ஊரில் ஒருவர் மற்றொருவரைக் கேட்டதை நான் அறியேன். வடமராட்சியில் நான் பிறந்து வளர்ந்த ஒழுங்கையிலே பிள்ளை என்பது ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய செல்வமன்று. தாய் சந்தைக்குப் போனால் பிள்ளை அம்மம்மாவின் மடியில் இருக்கும். அம்மம்மா கோயிலுக்குப் போனால் அயல்வீட்டுப் பெரியம்மாவின் இடுப்பில் இருக்கும். பெரியம்மாவும் கிணற்றடிக்குப் போய்விட்டால், திண்ணையிலே சுருட்டுப் புகைத்துக்கொண்டிருக்கும் அப்புவின் கண்பார்வையில் தவழ்ந்துகொண்டிருக்கும். இதற்குக் கூலி என்ன என்று யாராவது கேட்டிருந்தால், கேட்டவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே எண்ணியிருப்பார்கள்.

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பர் பெரியோர். எனக்கோ அது பனியிலே தெரிந்தது.

2018 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் நானும் கணவரும் இரண்டு குழந்தைகளும் நிரந்தர வதிவுரிமை பெற்றுக் கனடாவில் வந்திறங்கினோம். மகளுக்கு மூன்றரை வயது. மகனுக்கு ஒன்பது மாதம். ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில், உறவினர் ஒருவர் பார்த்துவைத்திருந்த மாடிக் குடியிருப்பொன்றின் எட்டாவது தளத்தில் குடியேறினோம். கோடை முடியாத காலம். சாளரத்தைத் திறந்தால் தமிழ்க் கடைகளின் பெயர்ப்பலகைகள் தெரிந்தன. கறிவேப்பிலையும் கிடைத்தது, கருவாடும் கிடைத்தது. ஊரையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று வியந்தேன். ஊரிலே இருந்த ஒன்றை மட்டும் எவராலும் கொண்டுவர முடியவில்லை என்பதை அறிய எனக்கு இரண்டு வாரம் சென்றது.

வந்த பத்தாம் நாள் அம்மா தொலைபேசியில் அழைத்தார். சுகம் விசாரித்தபின் அவர் கேட்ட முதற் கேள்வி இதுதான்:

"நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் குழந்தையளை ஆர் பாக்கினம் பிள்ளை?"

நான் மறுமொழி சொல்லவில்லை. இணைப்புத் தெளிவில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

கூட்டிக் கழித்துப் பார்த்தோம்

கனடாவிலே தாயும் தந்தையும் உழைத்தாலன்றி வீட்டு வாடகை கட்ட இயலாது. வந்த புதிதில் எமக்குக் கிடைக்கக்கூடிய வேலையோ அடிப்படைச் சம்பள வேலைதான். ஒன்ராறியோ மாகாணத்தில் 2018 யனவரி முதல் அடிப்படைச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 14 டொலர். வாரம் 40 மணித்தியாலம், நான்கு வாரம் உழைத்தால் 2,240 டொலர். அதிலும் வரி முதலிய பிடித்தங்கள் உண்டு.

இனி மறுபக்கக் கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பின்படி, ரொறன்ரோவில் உரிமம் பெற்ற பகற் பராமரிப்பு நிலையமொன்றில் ஒரு கைக்குழந்தைக்கு மாதக் கட்டணம் நடுத்தரமாக 1,685 டொலர். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆயிரத்துக்கு மேல். இரண்டையும் கூட்டினால் நான் உழைக்கப்போகும் சம்பளத்தை அது விழுங்கிவிட்டு, கணவரின் சம்பளத்திலும் கை வைத்தது. உழைப்பதற்காகப் பிள்ளையை விடவேண்டும். பிள்ளையை விடுவதற்கோ உழைப்புப் போதாது!

இவ்வளவு கட்டணம் ஏன் என்று முதலில் ஆத்திரப்பட்டேன். பின்பு காரணம் விளங்கியது. மாகாணத்தின் விதிப்படி 18 மாதம் நிறையாத சிசுக்கள் பத்துப் பேருக்கு மூன்று பணியாளர் இருக்கவேண்டும். 18 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள குழந்தைகளாயின் ஐவருக்கு ஒருவர். அதற்கு மேற்பட்ட முன்பள்ளிப் பருவத்தாருக்கு எட்டுப் பேருக்கு ஒருவர். சிசுவைத் தூக்கவும் ஊட்டவும் துடைக்கவும் மனிதக் கைகள் வேண்டும். இயந்திரத்தால் மலிவாக்கக்கூடிய தொழில் அதுவன்று. ஆதலால் பிள்ளை எவ்வளவு சிறிதோ, கட்டணம் அவ்வளவு பெரிது. பெற்றோருக்கு அது தாங்கமுடியாத செலவு; பார்க்கும் பணிப்பெண்ணுக்கோ அது வயிறாரச் சம்பளமாகவும் முடிவதில்லை. இருவரும் ஒரே வேளையில் ஏழைகளாகும் விந்தையை நான் அங்கேதான் கண்டேன்.

பாடசாலைக்கு அனுப்பலாமே என்பீர்கள். ஒன்ராறியோவில் நான்கு வயது நிறையும் ஆண்டின் செப்டெம்பரில் இளநிலைப் பாலர் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கலாம். அது முழுநாள் வகுப்பு, கட்டணமுமில்லை. என் மகளுக்கு அந்த வாய்ப்பு 2019 செப்டெம்பரில்தான். இடையிலே ஓராண்டு முழுவதும் கடல்போற் கிடந்தது.

அம்மாவை அழைக்கலாமே என்று உறவினர் சொன்னார்கள். பெற்றோர் நீண்டகாலம் வந்து தங்குவதற்கான சிறப்பு விசா 2011 ஆம் ஆண்டின் இறுதியில் ஏற்படுத்தப்பட்டது. எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அந்த விசாவிலே வந்த அம்மம்மாக்களும் அப்பம்மாக்களுமே பேரப்பிள்ளைகளை வளர்த்துவிட்டார்கள். ஆனால், அழைக்கும் பிள்ளைக்குக் குறித்த அளவு வருமானம் இருக்கவேண்டும். வருபவருக்கு ஒரு இலட்சம் டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். வந்திறங்கி ஒரு மாதம் ஆகாத எமக்கு அது எட்டாக்கனி.

வாசலிற் கிடந்த சப்பாத்துகள்

தமிழ்க் கடையொன்றின் விளம்பரப் பலகையிலே, பிள்ளைகளைப் பார்த்துத் தரப்படும் என்று கையால் எழுதிய சிறு கடதாசி ஒன்று ஒட்டியிருந்தது. தொலைபேசியிற் பேசினேன். நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்கு 30 டொலர் என்றார் அந்த அம்மையார். கடவுளே கண்திறந்தார் என்று மகளையும் அழைத்துக்கொண்டு போனேன்.

அது ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளம். படியிறங்கிக் கதவைத் தட்டியபோது, வாசலில் ஒழுங்காக அடுக்கியிருந்த சின்னஞ்சிறு சப்பாத்துகள் என் கண்ணிற் பட்டன. ஆசிரியையாக இருந்தவளுக்கு எண்ணும் பழக்கம் எளிதிற் போகாது. எண்ணினேன். பதினொரு சோடி.

உள்ளே சுத்தமாகத்தான் இருந்தது. அம்மையாரின் முகத்திலும் கொடுமை இல்லை, களைப்புத்தான் இருந்தது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரே பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். எவரும் அழவில்லை. அந்த அமைதிதான் எனக்கு அச்சத்தைத் தந்தது. மூன்று வயதுப் பிள்ளைகள் அவ்வளவு அமைதியாக இருப்பதில்லை.

"தங்கச்சி, ரசீதெல்லாம் நான் குடுக்கிறேல்லை. காசைக் கையிலை தந்தால் போதும்," என்றார்.

யோசித்துச் சொல்வதாகக் கூறி வெளியே வந்தேன். அன்று உள்ளுணர்வாற் செய்ததன் நியாயம் பின்பே தெரிந்தது. ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள வோன் நகரில், 2013 யூலையில், உரிமம் பெறாத வீட்டுக் காப்பகமொன்றின் பொறுப்பில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை வாகனத்தின் வெப்பத்தில் உயிரிழந்தது. அளவுக்கு மிஞ்சிய பிள்ளைகள் அங்கே இருந்தனர். அத்துயரம் நாட்டை உலுக்கியது. 2014 இல் புதிய சட்டம் நிறைவேறி, 2015 ஓகஸ்ற் 31 இல் நடைமுறைக்கு வந்தது. உரிமம் இல்லாமலும் ஒருவர் பிள்ளை பார்க்கலாம். ஆனால் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐவருக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. தமக்கு உரிமம் இல்லை என்பதைப் பெற்றோருக்கு எழுத்திலே தெரிவிக்கவும் வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டும் கொடுக்கவேண்டும்.

பற்றுச்சீட்டு இல்லையென்றால் இன்னொரு நட்டமும் உண்டு. பிள்ளை பராமரிப்புச் செலவை வருமான வரிக் கணக்கிலே கழித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் தம்பதியருள் குறைந்த வருமானம் உடையவரின் கணக்கிலே அது கழிக்கப்படும். சீட்டு இல்லாவிடில் அந்தச் சலுகையும் இல்லை. மலிவென்று எண்ணுவது சிலவேளை மலிவன்று.

திறப்புக் கைமாறிய காலம்

ஈற்றில், புலம்பெயர்ந்த ஆயிரம் குடும்பங்கள் கண்ட வழியையே நாமும் கண்டோம். கணவர் இரவு வேலை. நான் பகல் வேலை. அவர் பாண் தொழிற்சாலையொன்றில் இரவு பதினொரு மணி முதல் காலை ஏழு மணி வரை நின்றுவிட்டு வருவார். நான் ஏழரைக்குப் புறப்பட்டுப் பண்டகசாலையொன்றில் பெட்டி கட்டப் போவேன். மின்தூக்கியின் வாசலிலே வீட்டுத் திறப்பு ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாறும். "சின்னவன் பால் குடிச்சிட்டான், பெரியவளுக்கு இருமல்" என்ற இரண்டு வசனமே எங்கள் இல்லறமாயிற்று. மூன்று மாதம் நாங்கள் ஒன்றாக இருந்து ஒருவேளை உணவு உண்ணவில்லை.

அவர் எப்போது உறங்கினார்? மகன் உறங்கும்போது உறங்கினார். அதாவது, உறங்கவில்லை.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள். வெளியே முதற் பனி கொட்டியிருந்தது. பத்து மணியளவில் கணவர், மகனை மார்பிலே கிடத்தியபடியே அயர்ந்துவிட்டார். மகள், அம்மாவைத் தேடிப் போவதென்று தீர்மானித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதவின் தாளை நீக்கினாள். மின்தூக்கியில் ஏறிக் கீழே இறங்கினாள். வெறுங்காலோடும் உள்ளங்கியோடும் கட்டடத்தின் கண்ணாடி வாசலருகே நின்றவளை, வெளியே இருந்து வந்த சீனத்து மூதாட்டி ஒருவர் கண்டார். இன்னும் ஒரு கதவு, அதற்கப்பால் தெரு, தெருவிலே பனியும் வாகனங்களும்.

அந்த மூதாட்டிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. என் மகளுக்கோ தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. மூதாட்டி தமது மேலங்கியைக் கழற்றி அவளைச் சுற்றி, மின்தூக்கியில் ஏற்றி, ஒவ்வொரு தளத்திலும் நிறுத்தி நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தாராம். எட்டாவது தளத்திற் கதவு திறந்ததும் பிள்ளை ஓடினாள். திறந்து கிடந்த எங்கள் வீட்டு வாசலில் நின்று, கண்விழித்த என் கணவரைப் பார்த்து மூதாட்டி தம் மொழியிலே நெடுநேரம் ஏசினார். மொழி விளங்கவில்லை, ஏச்சு விளங்கியது என்றார் அவர் மாலையில். சொல்லிவிட்டுச் சிறுபிள்ளைபோல் அழுதார். மணமாகிய ஏழு ஆண்டுகளில் அவர் அழுததை அன்றுதான் கண்டேன்.

அந்த அம்மையாரின் பதினொரு சோடிச் சப்பாத்துகளைக் கண்டு முகஞ்சுளித்தவள் நான். என் வீட்டிலே பிள்ளைகள் இரண்டேதான். பார்ப்பதற்கு விழித்திருந்த கண் ஒன்றுகூட இல்லை.

மலைநாட்டு நினைவு

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பழைய காட்சியொன்று மனத்தில் எழுந்தது.

2010 ஆம் ஆண்டிலே என் முதல் நியமனம் அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றிற்கு. பாடசாலைக்குப் போகும் வழியிலே பிள்ளை மடுவம் இருந்தது. கொழுந்தெடுக்கும் தாய்மார் விடியற்காலையிலே, கூடையைத் தலையில் மாட்டி, பிள்ளையைச் சீலையிற் சுற்றிக் கொண்டுவந்து, அங்கேயிருக்கும் ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு மலையேறுவார்கள். உள்ளே துணித் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். பால் கொடுக்கும் நேரத்துக்குத் தாய்மார் மலையிலிருந்து இறங்கி ஓடி வருவார்கள். மழை நாட்களில் நனைந்த சீலையைப் பிழிந்துவிட்டுப் பிள்ளையை எடுப்பார்கள்.

அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "ஐயோ பாவம்! பெற்ற பிள்ளையை இப்படி விட்டுவிட்டுப் போகிறார்களே!" என்று இரங்கினேன். அந்த இரக்கத்தின் அடியிலே ஓர் இறுமாப்பும் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரிலே தாய் இருப்பாள், பாட்டி இருப்பாள் என்ற இறுமாப்பு. அந்த மடுவங்களிற் குறைகள் எத்தனையோ இருந்தன. அவற்றை நான் மறைக்கவில்லை. எனினும், கூலிக்கு உழைக்கும் தாயின் பிள்ளைக்கு ஓரிடம் வேண்டும் என்ற நியாயம் அந்த மலையிலே ஏற்கப்பட்டிருந்தது. உலகத்தின் செல்வ நாடுகளுள் ஒன்றில், எட்டாவது மாடியில் நின்றுகொண்டு, அப்படியொரு தொட்டிலுக்கு நான் ஏங்கினேன்.

வகுப்பறையிற் கிடைத்த வழி

மறுவாரமே பண்டகசாலை வேலையை விட்டேன். புதிதாக வந்தோருக்கு மத்திய அரசின் செலவில் நடைபெறும் இலவச ஆங்கில வகுப்பு ஒன்றிற் சேர்ந்தேன். ஆங்கிலம் ஓரளவு அறிவேன். ஆயினும் நான் சேர்ந்ததற்கு வேறு காரணம் இருந்தது. அத்தகைய வகுப்புகள் பலவற்றில், தாய் படிக்கும் நேரத்தில் பிள்ளைகளை அடுத்த அறையிலே இலவசமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். முதல்நாள் மகன் அழுதான், நானும் அழுதேன். மூன்றாம் நாள் இருவரும் மறந்துவிட்டோம்.

ஆங்கிலத்தைவிட அந்த வகுப்பில் நான் கற்றது, இந்த நாட்டில் வழி கேட்கும் முறையை. ஆப்கானிஸ்தான், எரித்திரியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தாய்மார் அங்கே இருந்தனர். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். ஆளுக்கொரு துண்டாக விடையும் இருந்தது. பிள்ளைகளுக்கான அரசின் மாதாந்தக் கொடுப்பனவுக்கு உடனே விண்ணப்பி என்றார் ஒருத்தி. 2016 யூலையில் தொடங்கிய அக்கொடுப்பனவு, வருமானம் குறைந்த குடும்பத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையொன்றுக்கு ஆண்டுக்கு 6,400 டொலர்வரை என அறிவிக்கப்பட்டிருந்தது, வரியும் இல்லை. மாநகரசபையின் கட்டண மானியத்துக்கு விண்ணப்பி என்றார் இன்னொருத்தி.

இந்த மானியத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். வேலையில் இருப்போருக்கே அது கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, "வேலைக்குப் போகப் பிள்ளையை விடவேண்டும், பிள்ளையை விட வேலை வேண்டும், இது முட்டையா கோழியா என்ற கதை" என்று கைவிட்டிருந்தேன். என் பிழை அது. படிப்போருக்கும் மானியம் உண்டு. அதைவிடப் பெரிய பிழை, தாமதித்தது. காத்திருப்போர் பட்டியல் விண்ணப்பித்த திகதிப்படி நகர்கிறது. விமானத்தால் இறங்கிய வாரத்திலே எழுதவேண்டிய விண்ணப்பத்தை நான் டிசெம்பரிலே எழுதினேன். எட்டு மாதம் கழித்து, 2019 ஓகஸ்றில், கடிதம் வந்தது. இடையில் ஒரு சம்பளத்தில் நான்கு வயிறு நிறைந்தது எப்படியென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டு அக்கா

உரிமம் பெற்ற முகவர் நிலையங்களின் மேற்பார்வையில், தம் வீட்டிலேயே பிள்ளை பார்ப்போர் இருக்கிறார்கள். அப்படியொரு வீட்டில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் ஆறு பேர்வரை இருக்கலாம். முகவர் நிலையத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் முன்னறிவித்தல் இன்றி வந்து பார்ப்பார்கள். நிலையங்களில் இடம் கிடைக்காத எமக்கு இந்த வழி திறந்தது. எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்மணி ஒருவர் வீட்டில் மகனுக்கு இடம் கிடைத்தது. மகள் பாலர் வகுப்பு விட்டதும் அங்கேயே வருவாள். வாசலிலே சப்பாத்துகளை எண்ணினேன். ஐந்து சோடி. மனம் ஆறியது.

என் மகன் அந்த வீட்டிலே சோறும் கோழிக் குழம்பும் தின்று கொழுத்தான். அவரை நான் அக்கா என்றே அழைத்தேன். பொருளைக் கேட்டறிந்து அவரும் மகிழ்ந்தார். ஒருநாள் மாலை, சுவரிலே தொங்கிய வாலிபன் ஒருவனின் படத்தைக் காட்டி, யார் என்றேன். மகன் என்றார். பிறகு கதை சொன்னார்.

கனடாவில் 1992 முதல் 2014 வரை, வீட்டோடு தங்கிப் பராமரிப்போருக்கான திட்டமொன்று நடைமுறையில் இருந்தது. முதலாளியின் வீட்டிலேயே தங்கி 24 மாதம் உழைத்தால், பின்பு நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அத்திட்டத்தில் வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்கள். இவரும் அப்படி வந்தவர். தமது இரண்டு வயது மகனைத் தாயிடம் விட்டுவிட்டு வந்து, ரொறன்ரோவிலே வைத்தியர் ஒருவரின் இரட்டைப் பிள்ளைகளை வளர்த்தார். உழைப்புக் காலம் முடிந்து, பத்திரங்கள் சரியாகி, மகன் விமானத்தில் வந்திறங்கியபோது அவனுக்கு ஒன்பது வயது. விமான நிலையத்திலே அவன் தாயைக் கண்டு, பாட்டியின் கையை விடாமற் பிடித்துக்கொண்டானாம்.

"பிறர் பிள்ளைகளின் முதற் பல்லை எல்லாம் கண்டேன், என் பிள்ளையின் பல்லைக் காணவில்லை," என்றார். அவர் குரலில் முறைப்பாடு இல்லை.

நம் நாட்டிலிருந்தும் மத்திய கிழக்குக்குப் போன தாய்மாரை நினைத்தேன். அவர்களை நம்மிற் சிலர் பேசிய பேச்சுகளையும் நினைத்தேன். "பிள்ளையை யார் பார்ப்பது?" என்ற கேள்விக்குப் பணமுள்ள நாடு தரும் விடை, பல வேளைகளில் பணமில்லாத நாட்டின் தாய்தான். அவள் பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்போர் மிகச் சிலர்.

ஐம்பது ஆண்டுக் கோரிக்கை

இது எங்களைப் போன்ற வந்தேறிகளுக்கு மட்டும் நேர்ந்த இடர் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது, ஆண்கள் போர்முனைக்குப் போகப் பெண்கள் தொழிற்சாலைக்கு வேண்டியிருந்தார்கள். உடனே 1942 இல் மத்திய அரசும் மாகாணங்களும் செலவைப் பகிர்ந்து பகற் காப்பகங்கள் அமைக்க உடன்படிக்கை உருவாயிற்று. ஒன்ராறியோவும் கியூபெக்கும் அதனைப் பயன்படுத்தின. போர் முடிந்தது, மத்திய அரசின் பணமும் நின்றது. நாட்டுக்குத் தாயின் உழைப்பு வேண்டியபோது தொட்டில் கிடைத்தது. தாய்க்கு உழைப்பு வேண்டியபோது தொட்டில் இல்லை!

பெண்களின் நிலை பற்றி ஆராய்ந்த அரச ஆணைக்குழு 1970 இல் வெளியிட்ட அறிக்கையிலே, தேசிய பகற் பராமரிப்புச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பல ஆண்டுகள் அது கடதாசியிலேயே இருந்தது. கியூபெக் மாகாணம் மட்டும் 1997 இல், பொலின் மறுவா அமைச்சராக இருந்த காலத்தில், நாளொன்றுக்கு 5 டொலருக்குப் பராமரிப்பு என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. அதன்பின் அங்கே இளந்தாய்மார் பெருந்தொகையாக வேலைக்குப் போகலாயினர். 2005 இல் மத்திய அரசு ஏனைய மாகாணங்களுடனும் உடன்பாடு கண்டது; 2006 இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. பதிலாகப் பிள்ளைக்கு மாதம் 100 டொலர் கொடுத்தார்கள். நூறு டொலரால் ஒரு வாரம்கூடப் பிள்ளையை விடமுடியாது.

பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சில் மாகாணத்தின் பராமரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. தாதிமாரின் பிள்ளைகளை யார் பார்ப்பது, கடைப் பணியாளரின் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று நாடே கேட்டது. என் அம்மா கேட்ட அதே கேள்வி! அடுத்த ஆண்டு, 2021 ஏப்ரில் வரவுசெலவுத் திட்டத்தில், ஐந்தாண்டுகளில் 3,000 கோடி டொலர்வரை ஒதுக்கி, நாளொன்றுக்குச் சராசரி 10 டொலர் என்ற இலக்கை மத்திய அரசு அறிவித்தது. மாகாணங்களுள் கடைசியாக, 2022 மார்ச் 28 இல், ஒன்ராறியோ ஒப்பமிட்டது. திட்டத்திற் சேர்ந்த உரிமம் பெற்ற நிலையங்களிலும் வீடுகளிலும், ஆறு வயதுக்குட்பட்டோருக்கான கட்டணம் அவ்வாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2025 யனவரி முதல் நாளொன்றுக்கு 22 டொலரே உச்சம்.

கட்டணம் குறைந்தது, ஆனால் இடம் அதற்கேற்பப் பெருகவில்லை. மலிவானதும் எல்லோரும் நாடினார்கள். காத்திருப்போர் வரிசை நீண்டது. முன்பு பணமில்லாதவர் வெளியே நின்றார். இப்போது பிந்தியவர் வெளியே நிற்கிறார்.

போகிறவர்களுக்கு

பிள்ளை குட்டிகளோடு வெளிநாடு புறப்படுவோர் இதனை வாசிக்கக்கூடும். கம்பளி உடைகளுக்கு முன்னே இதனை எண்ணுங்கள். போய்ச்சேரும் ஊரில் எந்த வயதில் இலவசப் பாடசாலை தொடங்குகிறதென்று விசாரியுங்கள். இறங்கிய வாரத்திலேயே எல்லாப் பட்டியல்களிலும் பெயரைப் பதியுங்கள். ஒன்ராறியோவில் வெறும் காத்திருப்புக்காகத் திருப்பித் தராத கட்டணம் அறவிடுவது 2016 செப்டெம்பரிலிருந்து தடைசெய்யப்பட்டுள்ளது, கேட்டால் கொடுக்கவேண்டாம். உரிமம் உண்டா என்று கேளுங்கள், கேட்பது அவமரியாதையன்று. பற்றுச்சீட்டு வாங்குங்கள். பகல் வேளையில் ஒருமுறை சொல்லாமற் போய்ப் பாருங்கள். வாசலிலே சப்பாத்துகளை எண்ணுங்கள். இரவு பகலாக இருவரும் மாறி மாறி உழைத்துச் சமாளித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். உறங்காத காவலன் காவலனல்லன்.

என் கதையின் முடிவைச் சொல்லவேண்டும். அக்காவின் வீட்டிலே பிள்ளைகள் நின்ற துணிவில், 2020 இல் நான் கல்லூரியிற் சேர்ந்து, சிறுபராயக் கல்வி பயின்று, 2022 இல் பட்டயம் பெற்றேன். இன்று ஸ்காபரோவில் ஒரு பராமரிப்பு நிலையத்திலே, பதினெட்டு மாதம் நிறையாத பத்துச் சிசுக்களுக்கு மூவராக நிற்கும் பணியாளருள் நானும் ஒருத்தி. ஊரிலே ஆசிரியையாக இருந்தவள் இங்கே பிள்ளைக்குத் துடைத்துவிடுகிறாளே என்று உறவினர் சிலர் குறைப்படுகிறார்கள். நான் குறைப்படவில்லை.

காலை ஏழரை மணிக்குத் தாய்மார் வருவார்கள். புதிதாய் வந்த தாயை நான் பார்த்தவுடனே அறிவேன். பிள்ளையை என் கையிலே தந்துவிட்டு, கதவருகே போய், திரும்பி வந்து, மறுபடியும் கதவருகே போய் நிற்பாள். கேட்கவேண்டியதைக் கேட்கமாட்டாள். நானே சொல்லிவிடுவேன்:

"நான் பார்த்துக்கொள்ளுகிறேன். நீங்கள் போய் வாருங்கள்."

அம்மா இப்போதும் வாரந்தோறும் அழைக்கிறார். பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்று அவர் இப்போது கேட்பதில்லை. "நீ பார்க்கிற பிள்ளையள் சுகமே?" என்று கேட்கிறார். அவர்கள் பெயர்கள் பலவும் அவர் வாயில் நுழைவதில்லை. ஆனாலும் ஒவ்வொருவராக விசாரிக்கிறார், எங்கள் ஒழுங்கையிலே விசாரித்ததுபோல.